தீவனத்தில் தண்ணீர் எவ்வளவு? பண்ணையிலேயே அளந்து பார்க்கலாம்

மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும் பதில் கிலோவில்தான் வரும். பச்சைப்புல் 30 கிலோ, வைக்கோல் 3 கிலோ, தானிய மாவு, தவிடு, புண்ணாக்கு கலந்த அடர்தீவனம் 4 கிலோ. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 30 கிலோவில் புல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்வதில்லை. ஐப்பசி மழையில் நனைந்த வயலில் அறுத்த 30 கிலோவும், சித்திரை வெயிலில் தண்ணீர் பாய்ச்சாமல் கிடந்த வயலில் அறுத்த 30 கிலோவும் தராசுக்கு ஒன்றுதான். மாட்டுக்கு ஒன்றல்ல.

ஈரப்பதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. மக்காச்சோளம் வாங்க வருபவர் ஈரம் அதிகம் என்று விலையைக் குறைப்பார். சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம் விற்பவர், ஈரம் 65 சதவீதம் என்பார். தீவன மூட்டையில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று அச்சடித்திருக்கும். தொட்டி நீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியை வளர்க்கச் சொல்பவர் புரதம் 25 சதவீதம் என்பார். இந்த எண்கள் எல்லாமே சரியாக இருக்கலாம். எதை அடிப்படையாக வைத்துச் சொன்னவை, அதைக்கொண்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் குழப்பம். அடிப்படையை முதலில் பார்த்துவிடுவோம். அப்புறம் வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே அளக்கும் வழிக்கு வருவோம்.

## பால் ஊற்றுபவருக்கு இந்தக் கணக்கு தெரியும்

சொசைட்டியில் பால் ஊற்றும்போது லிட்டரை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கலான மற்ற திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப் எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பாலில் பெரும்பகுதி தண்ணீர். மீதியுள்ள திடப்பொருளுக்குத்தான் காசு. தண்ணீர் கலந்த 10 லிட்டரும் கலக்காத 10 லிட்டரும் அளவில் ஒன்றானாலும் விலையில் ஒன்றல்ல என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

தீவனத்திலும் இதே விஷயம்தான். மாட்டுக்குச் சக்தி, புரதம், நார்ச்சத்து, தாது உப்பு எல்லாம் கிடைப்பது தண்ணீர் போக மிச்சமிருக்கும் பகுதியிலிருந்துதான். அந்த மிச்சத்தை உலர்பொருள் என்கிறோம். 100 கிலோ தீவனத்தில் தண்ணீர் எத்தனை கிலோ என்பது ஈரப்பதம். 100 கிலோ புல்லில் 80 கிலோ தண்ணீர் என்றால் ஈரப்பதம் 80 சதவீதம், உலர்பொருள் 20 சதவீதம். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 100. ஒன்று தெரிந்தால் போதும், மற்றதைக் கழித்துக்கொள்ளலாம்.

பாலை விற்கும்போது திடப்பொருளைப் பார்க்கிற நாம், அந்தப் பாலுக்காக வாங்குகிற தீவனத்தில் அதைப் பார்ப்பதில்லை. கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதனால் இரண்டு பக்கமும் இழக்கிறார்கள். இதை எழுதக் காரணமே அதுதான்.

## 6 புள்ளி ஈரம், 30 சதவீதத் தீனி

ஈரப்பதத்தில் மிகப் பெரிய தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது.

வழக்கமாக அறுக்கும் கம்பு நேப்பியர் புல்லில் ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் விடாமல் மழை. புல் இளசாகவும் நனைந்தும் வருகிறது. ஈரப்பதம் 86 ஆகிவிட்டது. "6தானே கூடியிருக்கிறது, என்ன ஆகிவிடும்" என்று தோன்றும்.

உலர்பொருளின் பக்கம் திரும்பிப் பாருங்கள். அது 20லிருந்து 14க்கு வந்துவிட்டது. 30 கிலோ புல்லில் முன்பு 6 கிலோ உலர்பொருள் இருந்தது. இப்போது 4.2 கிலோதான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தீனி காணாமல் போய்விட்டது. பழைய அளவு தீனி கிடைக்க வேண்டுமானால் 43 கிலோ புல் போட வேண்டும். புல் கட்டின் எடை மாறவில்லை, பார்க்கவும் செழிப்பாக இருக்கிறது, அதனால் இந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினக் கறவை மாடு, உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் உலர்பொருள் எடுக்கும். அதாவது நாளுக்கு 10 முதல் 12 கிலோ. வைக்கோல் 3 கிலோவில் 2.7, அடர்தீவனம் 4 கிலோவில் 3.6, புல்லில் 6 என்று கூட்டினால் 12.3 கிலோ. வயிறு நிறைந்த மாடு. மழை வாரத்தில் அதே அளவுகளைப் போட்டால் 10.5 கிலோதான் சேரும். பால் இறங்குகிறது. குளிரால் என்பார் ஒருவர், தீவனக் கம்பெனி சரக்கை மாற்றிவிட்டது என்பார் இன்னொருவர். அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் நாளுக்கு 1.8 கிலோ தீனி குறைந்ததை முதலில் சரிசெய்துவிட்டு மற்றதைத் தேடுவதுதான் முறை.

இன்னொரு விளைவும் உண்டு. புல்லின் பங்கு குறைந்ததால் மொத்தத் தீனியில் அடர்தீவனத்தின் விகிதம் தானாகவே ஏறிவிடுகிறது. நார் குறைந்து மாவு கூடினால் சாணம் இளகும், அசைபோடுவது குறையும். நாம் ஒரு பிடி கூட அதிகம் போட்டிருக்க மாட்டோம்.

சுருக்கமாக: ஈரமான தீவனத்தில் ஈரப்பதத்தின் சிறு மாற்றம் உலர்பொருளில் பெரிய மாற்றம். எண்ணைப் பார்க்கும்போது தண்ணீரின் பக்கத்தை விட்டு, மிச்சத்தின் பக்கத்தைப் பாருங்கள்.

## அசோலாவும் மண்ணில்லாத் தீவனமும்

இந்தக் கணக்கு தெரியாததால் அதிகம் ஏமாற்றம் வருவது இந்த இரண்டில்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் அது காய்ந்த அசோலாவில். தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 100க்கு 93 முதல் 95 பங்கு தண்ணீர். 2 கிலோ அசோலாவை அலசிப் போட்டால் உள்ளே இருக்கும் உலர்பொருள் 100 முதல் 140 கிராம். அதில் 25 சதவீதம் புரதம் என்றால் அதிகபட்சம் 35 கிராம். 20 சதவீதப் புரதம் உள்ள அடர்தீவனம் ஒரு கிலோவில் 200 கிராம் புரதம் இருக்கிறது. எனவே 2 கிலோ அசோலா போட்டுவிட்டு ஒரு கிலோ அடர்தீவனத்தைக் குறைத்தால் மாடு பட்டினி. அசோலா நல்ல சேர்மானம்தான். தாது உப்பும் வைட்டமினும் தரும், கோழிக்கும் ஏற்றது. புண்ணாக்குக்கு மாற்று என்று நம்பித் தொட்டி கட்டுவதுதான் தவறு.

மண்ணில்லாமல் தட்டில் வளர்க்கும் மக்காச்சோள முளைத் தீவனத்தின் கதை இன்னும் கூர்மையானது. ஒரு கிலோ விதையிலிருந்து ஒரே வாரத்தில் 6, 7 கிலோ பசுந்தீவனம் என்று விளம்பரம் சொல்லும். எடை உண்மைதான். அந்த 7 கிலோவில் உலர்பொருள் 12 சதவீதம் என்று வைத்தால் 840 கிராம். ஊறவைத்த விதையிலோ கிட்டத்தட்ட 880 கிராம் உலர்பொருள் இருந்தது. அப்படியென்றால் வளர்ந்தது என்ன? தண்ணீர். முளை வளர்வதற்கு விதையிலுள்ள மாவுச்சத்தையே எரித்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில், அதுவும் நிழலில், ஒளியிலிருந்து அது திரும்பச் சேர்க்கும் பொருள் மிகக் குறைவு. எனவே உலர்பொருள் கூடுவதற்குப் பதில் பெரும்பாலும் குறையவே செய்யும். கோடையில் பச்சையே கிடைக்காத இடத்தில் மாட்டுக்கு ருசியாக ஏதாவது கொடுக்க இது உதவும். செலவைக் கணக்கிடும்போது மட்டும் 7 கிலோ என்று போடாதீர்கள், 840 கிராம் என்று போடுங்கள்.

## விலையை ஒப்பிடும்போது

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை வரும். ஈரமாகவும் கிடைக்கும், காயவைத்தும் கிடைக்கும். ஈரத் திப்பி கிலோ 4 ரூபாய், காய்ந்தது 16 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஈரத்தில் 80 சதவீதம் தண்ணீர் என்றால் ஒரு கிலோ உலர்பொருளின் விலை 4ஐ 0.20ஆல் வகுத்தால் வரும் 20 ரூபாய். காய்ந்ததில் 12 சதவீதம் ஈரம் என்றால் 16ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும். 18 ரூபாய் சொச்சம். நாலில் ஒரு பங்கு விலை என்று நினைத்து வாங்கியது உண்மையில் விலை கூடியது. வண்டி வாடகையை இன்னும் சேர்க்கவில்லை. தண்ணீரையும் சேர்த்தல்லவா ஏற்றி வருகிறோம்.

சைலேஜும் அப்படியே. 70 சதவீத ஈரத்தில் ஒரு டன் வாங்கினால் 300 கிலோ உலர்பொருள். 76 சதவீதத்தில் 240 கிலோ. விலை ஒன்றாக இருந்தால் டன்னுக்கு 60 கிலோ தீனி நஷ்டம்.

## காய்ந்தது என்றால் ஈரமே இல்லாதது அல்ல

இதுவரை பார்த்தது ஈரமான தீவனம். அங்கே கேள்வி, தீனி எவ்வளவு என்பது. மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, வைக்கோல், கலப்புத் தீவனம் போன்ற காய்ந்த சரக்கில் கேள்வியே வேறு: இது கெடாமல் இருக்குமா?

கையில் எடுத்தால் கலகலவென்று இருக்கும் மக்காச்சோளத்திலும் 100க்கு 11, 12 பங்கு தண்ணீர் இருக்கும். வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் அது பூஜ்யம் ஆகாது. காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. தானியம் காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கும், காற்றிலிருந்து வாங்கவும் செய்யும். கொடுப்பதும் வாங்குவதும் சரிசமமாகும் இடத்தில் அதன் ஈரப்பதம் நின்றுவிடும். இதைச் சமநிலை ஈரப்பதம் என்பார்கள். காற்று மாறினால் அந்த இடமும் மாறும். காற்றின் ஈரப்பதம், அதாவது காற்றால் தாங்க முடிந்த நீராவியில் இப்போது இருக்கும் பங்கு, 70 சதவீதமாக இருந்தால் மக்காச்சோளம் ஏறத்தாழ 13, 14ல் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் காற்றின் ஈரப்பதம் நாள் கணக்காக 85ஐ ஒட்டியே இருந்தால், திறந்து வைத்த மக்காச்சோளம் 17 வரை ஏறப் பார்க்கும். வெயில் காலத்தில் நன்றாகக் காயவைத்து வாங்கினேனே என்பது அப்போது உதவாது.

பூஞ்சை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. தானியத்திலுள்ள தண்ணீர் முழுவதும் பூஞ்சைக்குக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி மாவுச்சத்தோடும் புரதத்தோடும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சேரும் தண்ணீர்தான் தளர்வாக இருக்கும், பூஞ்சை அதைத்தான் உறிஞ்சி வளரும். அதனால்தான் 12 சதவீதத்தில் மாதக்கணக்காகக் கெடாமல் கிடக்கும் சரக்கு, 16ல் சில வாரங்களிலேயே மக்கல் வாடை அடிக்கிறது. மக்காச்சோளத்தை 14க்குக் கீழேயும், நாள்பட வைப்பதானால் 12, 13லும் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எண்ணெய் உள்ள சரக்குக்கு இந்த எல்லை இன்னும் கீழே. எண்ணெய் தண்ணீரைப் பிடித்து வைக்காது. பாதி எண்ணெயாக இருக்கும் நிலக்கடலைப் பருப்பில் உள்ள தண்ணீர் முழுவதும் மீதிப் பாதியில்தான் இருக்கிறது. அதனால் பருப்புக்கு 7, 8 சதவீதமே எல்லை. மக்காச்சோளத்துக்குப் பாதுகாப்பான 12, கடலைக்கு ஆபத்து.

கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்த கதையே தீவனக் கதைதான். 1960ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம். அதிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. மாடு இதைத் தின்றால் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் அது போகாது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த ஆணையம் 2019ல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368ல் இந்த எல்லை தாண்டியிருந்தது. அதிகம் காணப்பட்ட மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. பாலில் யாரும் கலந்தது அல்ல இது, தீவனத்தின் வழியாக வந்தது. நம் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கும் பால் என்பதால் இதை லேசாக விட முடியாது.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. மூட்டையின் சராசரி ஈரம் 11 என்பது மூலைக்கு மூலை 11 என்று ஆகாது. சிமென்ட் தரையில் நேரடியாக அடுக்கிய மூட்டையின் அடிப்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், தார்ப்பாய்க்கு நேர் கீழே உள்ள பகுதி ஆகியவை தனியாக ஈரம் கோத்துக்கொள்ளும். பகலில் சூடான சரக்கிலிருந்து கிளம்பும் நீராவி, இரவில் குளிர்ந்த தார்ப்பாயில் பட்டுத் துளியாகி மேல் மூட்டையிலேயே சொட்டும். மழை ஒழுகவே இல்லையே, எப்படிப் பூஞ்சை என்று திகைப்பவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். மரச் சட்டத்தின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சுருக்கமாக: ஈரமான தீவனத்தை அளப்பது தீனியின் அளவு தெரிய. காய்ந்த தீவனத்தை அளப்பது கெடுமா என்று தெரிய. முதலாவதில் ஒன்றிரண்டு புள்ளி தவறினால் பெரிய நஷ்டமில்லை. இரண்டாவதில் அந்த ஒன்றிரண்டு புள்ளிதான் எல்லாமே.

## மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை

அளப்பது கைப்பிடிச் சரக்கை. முடிவு எடுப்பது வண்டிச் சரக்கைப் பற்றி. அந்தக் கைப்பிடி சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மீட்டர் இருந்தும் பயனில்லை.

புல்லை நறுக்கிய பிறகு குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் அள்ளி ஒன்றாகக் கலக்குங்கள். வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரியுங்கள். தேவையான அளவு வரும்வரை இப்படியே செய்யலாம். தண்டும் இலையும் சரியான விகிதத்தில் கிடைக்கும். வெறும் இலையை மட்டும் எடுத்தால் கணக்கு தப்பும். சைலேஜ் என்றால் வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்த வெளிப்பகுதியை ஒதுக்கிவிட்டு, அன்று மாட்டுக்குப் போடப்போகும் பகுதியிலிருந்து எடுங்கள். மூட்டை என்றால் குத்தூசியால் பல மூட்டைகளில் குத்தி எடுக்க வேண்டும். எடுத்ததும் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டிவிடுங்கள். திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் நறுக்கிய புல்லில் ஈரம் குறைந்துவிடும்.

## உலர்த்தி எடை போடுவது

ஈரப்பதத்தை நேரடியாக அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: எடை போடு, தண்ணீரை விரட்டு, மறுபடி எடை போடு. ஆய்வகத்திலும் இதைத்தான் சூடான காற்று அடுப்பில் மணிக்கணக்காகச் செய்கிறார்கள். பண்ணையில் மைக்ரோவேவ் அடுப்பில் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். பழைய அடுப்பு ஒன்று கிடைத்தால் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சைலேஜ் வாடை ஏறிய அடுப்பில் சோறு சூடாக்க வீட்டில் யாரும் விடமாட்டார்கள்.

ஒரு பீங்கான் தட்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உலோகத் தட்டு கூடாது. சிறிதாக நறுக்கிய புல் சரியாக 100 கிராம் போட்டுப் பரப்புங்கள். அடுப்பின் ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் வையுங்கள். புல்லில் தண்ணீர் குறையக் குறைய, மிச்சச் சூட்டை வாங்கிக்கொள்ள அடுப்புக்குள் வேறு ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புல் கருகும். முதலில் 4 நிமிடம் ஓடவிட்டு எடை போடுங்கள். கிளறிவிட்டு இன்னும் ஒரு நிமிடம், மறுபடி எடை. அப்புறம் அரை நிமிடம் அரை நிமிடமாக. டம்ளர் நீர் கொதித்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து ஒரே எடை வந்தால் முடிந்தது. கருகிய வாடை வந்தால் அதற்கு முந்தைய எடையை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கருகும்போது தண்ணீரோடு புல்லும் எரிந்து எடை குறைகிறது. அடுப்பை விட்டு நகர வேண்டாம், காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

தட்டு 250 கிராம். புல்லோடு 350. கடைசியில் 269. அப்படியென்றால் மிச்சம் 19 கிராம். உலர்பொருள் 19 சதவீதம், ஈரப்பதம் 81. சரியாக 100 கிராம் எடுத்ததால் வேறு கணக்கே தேவையில்லை.

தராசு முக்கியம். ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு புல்லுக்கும் சைலேஜுக்கும் போதும். மக்காச்சோளத்தில் 12க்கும் 14க்கும் உள்ள வித்தியாசம் 100 கிராமுக்கு வெறும் 2 கிராம்தான் என்பதால், காய்ந்த சரக்குக்கு 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். தானியத்தை உடைத்துப் போட வேண்டும், முழு மணியின் உள் ஈரம் சீக்கிரம் வெளியே வராது. சைலேஜில் தண்ணீரோடு கொஞ்சம் அமிலமும் ஆவியாகும் என்பதால் ஈரம் ஒன்றிரண்டு புள்ளி கூடுதலாகத் தெரியும். தினசரித் தீனிக் கணக்குக்கு அது பரவாயில்லை.

மைக்ரோவேவ் இல்லாதவர்கள் கடும் வெயிலில் தகரத்தின் மேல் மெல்லியதாகப் பரப்பி, எடை மாறாமல் நிற்கும்வரை காயவைக்கலாம். ஒரு கிலோ எடுத்தால் சிறு தவறுகள் அமுங்கிவிடும். வெயிலில் காய்ந்த புல்லிலும் சுமார் 10 சதவீதம் தண்ணீர் மிச்சம் இருக்கும் என்று பார்த்தோம். அதனால் கடைசி எடையை 0.9ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ புல் காய்ந்து 220 கிராம் நின்றால் உலர்பொருள் 198 கிராம், அதாவது ஏறத்தாழ 20 சதவீதம்.

## கையும் உப்பும்

சைலேஜ் போடுவதற்கு முன் கையால் பார்க்கும் முறை நம்பத் தகுந்தது. நறுக்கியதை ஒரு கை அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். விரலிடுக்கில் சாறு வழிந்தால் ஈரம் 75க்கு மேல். சாறு வழியாமல், உருண்டை மெதுவாகப் பிரிந்து கை மட்டும் நனைந்திருந்தால் 60க்கும் 70க்கும் இடையில். உடனே உதிர்ந்தால் 60க்குக் கீழே. சைலேஜுக்கு 65 முதல் 70 வரை நல்லது. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் சத்துள்ள சாறு அடியில் வடிந்து போவதோடு, புளிப்பை உண்டாக்கும் நல்ல பாக்டீரியாவை முந்திக்கொண்டு அழுகல் வாடை தரும் பாக்டீரியா வளரும். ரொம்பக் காய்ந்திருந்தால் எவ்வளவு மிதித்தாலும் உள்ளே காற்று தங்கிச் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளப் பயிர் மணி பால் பிடித்து மாவாகும் பருவத்தில் தானாகவே இந்த ஈரத்துக்கு வரும். நேப்பியர் புல்லில் 80க்கு மேல் இருப்பதால் அறுத்து வெயிலில் வதங்கவிட்டுத்தான் நறுக்க வேண்டும்.

ஆனால் தானியத்துக்குக் கை உதவாது. 12ஐயும் 15ஐயும் விரலால் பிரித்தறிய முடியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கடித்துப் பார்ப்பதும் அப்படித்தான். அதைவிட உப்பு நல்லது. மூடியுள்ள நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம், அதோடு இரண்டு மூன்று கரண்டி தூள் உப்பு. உப்பை முன்னதாக வாணலியில் வறுத்து ஆறவிட்டிருக்க வேண்டும். மூடி ஒரு நிமிடம் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். பூஞ்சை வளரத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே நிலையில்தான். அதனால் இந்தச் சோதனை நமக்கு வேண்டிய கேள்விக்கே பதில் சொல்கிறது. 11ஆ 14ஆ என்று மட்டும் சொல்லாது.

## மீட்டர் காட்டும் எண்

மண்டியில் வைத்திருக்கும் ஈரமானி தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மின்சாரத்துக்குத் தண்ணீர் ஒரு மாதிரியும், காய்ந்த மாவும் நாரும் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அந்த வித்தியாசத்தை அளந்து, உள்ளே பதிந்து வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து ஈரப்பதத்தைக் கணித்துச் சொல்கிறது. மக்காச்சோளத்துக்கு ஓர் அட்டவணை, நெல்லுக்கு வேறு. மக்காச்சோளத்தில் வைத்துவிட்டுக் கம்பைப் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பட்டியலில் இல்லாத புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனத்துக்கும் அப்படியே. சூடான தானியம், மழையில் மேலே மட்டும் நனைந்த தானியம் இரண்டும் மீட்டரை ஏமாற்றும். மீட்டர் வாங்கியவர்கள் அவ்வப்போது ஒரு மாதிரியை உலர்த்தி எடை போட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் அதை நம்பலாம்.

## அறிக்கையைப் படிப்பது

பூஞ்சை நஞ்சு, புரதம் எல்லாம் வீட்டில் பார்க்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. புதிய இடத்தில் மொத்தமாகப் புண்ணாக்கோ மக்காச்சோளமோ வாங்கும்போது ஒரு மாதிரி அனுப்பிப் பார்ப்பது நல்லது. ஈரமான மாதிரியைக் காற்றுப் புகாமல் கட்டி அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புரத எண்ணை அல்ல, அது எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்பதை. உலர்பொருள் அடிப்படை என்றால் தண்ணீரை முழுவதும் நீக்கிய கணக்கு. கொடுக்கும் நிலை என்றால் தண்ணீரோடு சேர்த்த கணக்கு. நேப்பியர் புல்லில் புரதம் 9 என்று எழுதியிருந்தால் அது உலர்பொருளில். நீங்கள் அள்ளிப் போடும் பச்சைப்புல்லில் 20 சதவீதம்தான் உலர்பொருள் என்றால் அந்த 9, 1.8 ஆகிவிடும். தீவன மூட்டையில் அச்சடித்த புரதம் பெரும்பாலும் கொடுக்கும் நிலையில். இந்த இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். இரண்டையும் உலர்பொருளுக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். அடிப்படை எது என்று அறிக்கையில் இல்லாவிட்டால், ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.